‘சியர்ஸ்’ முதல் ‘ஃபிரேஸியர்’ வரை: மீண்டும் பார்க்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

1982 செப்டம்பர் 30 அன்று அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் தொடங்கிய ‘சியர்ஸ்’, பாஸ்டன் நகரத்து மதுக்கூடம் ஒன்றையே களமாகக் கொண்டு 11 சீசன்கள், 275 அத்தியாயங்கள் ஓடி, 1993 மே 20 அன்று நிறைவடைந்தது. நான்கு மாதங்கள்கூட முழுதாகக் கழியாத நிலையில், அந்த மதுக்கூடத்தின் வாடிக்கையாளர்களில் ஒருவரான மனநல மருத்துவர் ஃபிரேஸியர் கிரேனை நாயகனாக்கி ‘ஃபிரேஸியர்’ என்ற கிளைத் தொடர் தொடங்கியது. அதுவும் 11 சீசன்கள், 264 அத்தியாயங்கள் என்று 2004 மே மாதம் வரை நீண்டது. இவற்றுக்கு நடுவே 1987இல் வந்து சில மாதங்களிலேயே மறைந்துபோன ‘தி டார்ட்டெல்லிஸ்’, 2023இல் வந்த புதிய ‘ஃபிரேஸியர்’ ஆகியவற்றையும் சேர்த்தால் மொத்தம் நான்கு தொடர்கள். அனைத்தையும் வரிசையாகப் பார்க்க ஏறத்தாழ 200 மணி நேரம் வேண்டும்.

முன்பு ஆங்காங்கே சில அத்தியாயங்களைப் பார்த்துவிட்டு இப்போது முறையாகப் பார்க்க நினைப்பவர்களுக்காகவே இக்கட்டுரை எழுதப்படுகிறது. முதன்முறை பார்க்கும்போது எவரும் மதுக்கூடம் நடத்தும் சாம் மலோனும் அங்கே பரிமாறும் டயான் சேம்பர்ஸும் சேர்வார்களா, பிரிவார்களா என்பதையே பின்தொடர்வார்கள். இரண்டாம் முறை அந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டதால், கண் வேறு ஒருவரைத் தேட வேண்டும். சில அத்தியாயங்களுக்கு மட்டும் என்று 1984இல் உருவாக்கப்பட்ட ஃபிரேஸியர், அதே நடிகரான கெல்சி கிராமரின் உடலிலும் குரலிலும் 20 ஆண்டுகள் இடைவிடாமல் வாழ்ந்திருக்கிறார். அந்த ஒரு மனிதரைப் பிடித்துக்கொண்டு போனால் நான்கு தொடர்களும் ஒரே கதையாகச் சேர்ந்துவிடும் என்பதே என் கருத்து. கீழே வரும் வரிசை அதன்படி அமைக்கப்பட்டது.

முன்னேற்பாடுகள்

எந்தச் செயலியில் இத்தொடர்கள் கிடைக்கின்றன என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும், உரிமம் கைமாறினால் அதுவும் மாறும். ஆகவே சந்தா கட்டுவதற்கு முன் எல்லாச் சீசன்களும் அங்கே இருக்கின்றனவா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். குறுந்தகடுகள் கையில் இருந்தால் அவையே நல்லவை, ஏனெனில் மறுஒளிபரப்புக்காக விளம்பர நேரத்தைக் கூட்டியபோது பல தொடர்களில் ஓரிரு நிமிடக் காட்சிகள் வெட்டப்பட்டன. இந்த வகைத் தொடரில் வெட்டுக்கு முதலில் பலியாவது கதைக்குத் தேவையில்லாத ஆனால் சிரிப்புக்குத் தேவையான துணுக்குக் காட்சிதான். ‘சியர்ஸ்’, ‘ஃபிரேஸியர்’ இரண்டுமே படச்சுருளில் எடுக்கப்பட்டவை என்பதால் காட்சித் தெளிவைப் பற்றிய கவலை வேண்டியதில்லை.

கட்டாயம் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. அடுத்த அத்தியாயத்துக்குத் தானாகத் தாவும் வசதியையும், தொடக்கப் பாடலைத் தவிர்க்கும் பொத்தானையும் கைவிட்டுவிடுங்கள். ‘சியர்ஸ்’ ஒவ்வொரு முறையும் பாடலுக்கு முன்பே ஒரு சிறு நகைச்சுவைக் காட்சியோடு தொடங்கும். பெரும்பாலும் அதற்கும் பின்னால் வரும் கதைக்கும் தொடர்பிருக்காது. ‘ஃபிரேஸியர்’ இதைத் தலைகீழாக்கியது. இறுதியில் பெயர்ப் பட்டியல் ஓடும்போது, கெல்சி கிராமரே பாடும் பாடலின் பின்னணியில் வசனமே இல்லாத ஒரு குட்டிக் காட்சி நடக்கும். அத்தியாயத்தில் விட்டுப்போன ஒரு நூலை அது பலமுறை முடிச்சிட்டுக் காட்டும். செயலி அதை மூலையில் ஒரு சிறு கட்டமாகச் சுருக்கிவிட்டால் அத்தியாயம் வாலறுந்து நிற்கும்.

ஆங்கில வசன வரிகளைப் போட்டுக்கொண்டு பார்ப்பதில் எந்த வெட்கமும் வேண்டாம். உரக்கச் சிரிக்கும் பார்வையாளர்கள் அரங்கிலேயே அமர்ந்திருந்தவர்கள், ஆகவே சிரிப்பு அடங்கும் முன்பே அடுத்த வசனம் தொடங்கிவிடுவதுண்டு.

முதற்படி: ‘சியர்ஸ்’ முதல் சீசனை ஒன்றுவிடாமல் பார்த்தல்

இருபத்திரண்டு அத்தியாயங்கள் கொண்ட இந்தச் சீசனில் ஒன்றைக்கூடத் தவிர்க்காதீர்கள். கதை ஒருமுறைகூட மதுக்கூடத்தின் கட்டடத்தை விட்டு வெளியே போவதில்லை. கூடம், சாமின் அலுவலறை, பின்னால் உள்ள பில்லியர்ட்ஸ் அறை, கழிப்பறை வாசல் ஆகியவையே உலகம். வெளியே நடப்பவை எல்லாம் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருபவர்களின் வாய் வழியாகவோ தொலைபேசி வழியாகவோதான் வந்து சேர வேண்டும். தொடரை உருவாக்கிய க்ளென் சார்ல்ஸ், லெஸ் சார்ல்ஸ், ஜேம்ஸ் பரோஸ் ஆகிய மூவரும் இந்தக் கட்டுப்பாட்டைத் தாங்களே விரும்பிப் பூட்டிக்கொண்டார்கள். இதனால் மனிதர்களைத் தவிர வேறெதையும் நம்பி எழுத முடியாமல் போனது. பெரும்பாலான அத்தியாயங்களை இயக்கியவரும் பரோஸ்தான்.

முதல் அத்தியாயத்தில், முதுகலை மாணவியான டயான் தன் பேராசிரியரை மணந்துகொள்ளப் புறப்பட்ட வழியில் அங்கே வந்து அமர்கிறாள். அவர் தன் முன்னாள் மனைவியிடமிருந்து மோதிரத்தை வாங்கி வருவதாகச் சொல்லிப் போகிறார், கடைசியில் திரும்பி வருவதே இல்லை. மாலை முழுவதும் ஒரு பெண்ணின் திருமணம் கைநழுவிப் போவதைச் சுற்றி இருப்பவர்கள் கவனித்தும் கவனிக்காததுபோலவும் இருக்கிறார்கள். முடிவில் அவளுக்கு அங்கேயே பரிமாறும் வேலை கிடைக்கிறது. இந்த அத்தியாயத்தை மீண்டும் பார்க்கையில் டயானை விட்டுவிட்டுச் சாமின் முதிய உதவியாளரான கோச்சைக் கவனியுங்கள். நிக்கோலஸ் கொலாசாண்டோ அந்த மறதிக்கார மனிதரை ஒருபோதும் முட்டாளாக நடிக்கவில்லை. கேள்வியைப் புரிந்துகொள்ள உண்மையாகவே முயலும் ஒருவராக நடித்தார். ‘கோச்சஸ் டாட்டர்’ அத்தியாயத்தில் மகளின் முகத்தில் தன் இறந்த மனைவியைக் காணும் இடம் சிரிப்பிலிருந்து வலிக்கு ஒரு நொடியில் போய்த் திரும்புகிறது.

இந்தச் சீசனில் ஒரே ஒரு அத்தியாயத்தைத்தான் இருமுறை பார்க்கலாம் என்றால் ‘எண்ட்லெஸ் ஸ்லம்பர்’ என்பதைச் சொல்வேன். சாம் முன்பு பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் பேஸ்பால் பந்தெறிபவர், குடியால் ஆட்டத்தை இழந்து, குடியை விட்டபின் மதுக்கூடம் நடத்துபவர். ராசியான பொருள் என்று சொல்லித் தன்னிடமிருந்த ஒரு பாட்டில் மூடியை, ஆட்டம் கைகொடுக்காமல் தவிக்கும் ஒரு வீரருக்கு இரவல் கொடுத்துவிடுகிறார். அது அவர் கடைசியாகக் குடித்த பீரின் மூடி என்பது பிறகுதான் டயானுக்குத் தெரியவருகிறது. நள்ளிரவில் இருவர் மட்டும் இருக்கையில் அவர் ஒரு பாட்டிலைத் திறந்து குவளையில் ஊற்றுகிறார். உதட்டருகே கொண்டுபோகாமல் மேசைமேல் சறுக்கி விடுகிறார், அது வளைவில் திரும்பிக் கண்ணுக்கு மறைகிறது. பின்பு அந்தப் புதிய மூடியை எடுத்து வைத்துக்கொள்கிறார். வசனம் மிகக் குறைவு. மதுக்கூடத்தைக் கொண்டாடும் தொடர் என்று இதை நினைப்பவர்களுக்கு இக்காட்சியைக் காட்டினாலே போதும்.

இத்தனை தரமிருந்தும் முதல் ஆண்டில் பார்வையாளர் எண்ணிக்கைப் பட்டியலில் இத்தொடர் ஏறக்குறைய அடிமட்டத்தில் கிடந்தது. என்பிசி அப்போதே நிறுத்தியிருந்தால் ஃபிரேஸியர் பிறந்தே இருக்கமாட்டார்.

இரண்டாம் படி: இரண்டு முதல் ஐந்து வரையிலான சீசன்கள்

இரண்டாம் சீசனில் சாமும் டயானும் காதலர்கள். தொடரின் மிகக் கூர்மையான சண்டைகள் இங்கேதான் வருகின்றன, ஆனால் ஒரு எச்சரிக்கையும் தேவை. சீசனின் கடைசிக் கதையில் இருவரும் ஒருவரையொருவர் அறைந்துகொள்வது சிரிப்புக்காக எழுதப்பட்டிருக்கிறது. இன்று அது சிரிப்பைத் தரவில்லை. சாம் பெண்களைத் துரத்துவதைப் பெருமையாகச் சித்திரிக்கும் பல காட்சிகளும் அவ்வாறே பழையனவாகிவிட்டன. வீட்டில் வளரும் பிள்ளைகளோடு சேர்ந்து பார்ப்பவர்கள் முன்கூட்டியே ஒருமுறை பார்த்துவைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாம் சீசனின் முதல் கதையான ‘ரீபவுண்ட்’ இரண்டு பகுதிகள் கொண்டது. நம் மையப் பாத்திரம் இதில்தான் அறிமுகமாகிறார். டயானைச் சாமிடம் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதற்கான ஒரு கருவியாக மட்டுமே ஃபிரேஸியர் உருவாக்கப்பட்டார். ஆகவே இந்தச் சீசன் முழுவதும் அவர் நகைச்சுவையின் ஓரத்தில் நிற்கும் கனவான்; மற்றவர்கள் அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள், அவர் இன்னும் அவர்களோடு சிரிக்கக் கற்றிருக்கவில்லை. பின்னர் வாடிக்கையாளர்களின் வரிசையில் இருக்கை பிடித்து, நார்ம், கிளிஃப் ஆகியோரோடு சமமாக வம்பளக்கும் நிலைக்கு அவர் எப்படி இறங்குகிறார், அல்லது ஏறுகிறார், என்பதை அடுத்த எட்டு ஆண்டுகளில் மெல்ல மெல்லக் காணலாம்.

இதே சீசன் ஒளிபரப்பாகிக்கொண்டிருந்த 1985 பிப்ரவரியில் கொலாசாண்டோ காலமானார். அவருடைய அறையில் தொங்கிய பழங்குடித் தலைவர் ஜெரோனிமோவின் படம் பின்னர் மதுக்கூட அரங்கின் சுவரில் மாட்டப்பட்டது. நான்காம் சீசனிலிருந்து எப்போதும் அரங்கில் இருக்கும் அந்தப் படத்தைத் தேடிப் பாருங்கள். கடைசி அத்தியாயத்தில் அதற்கு ஒரு வேலை உண்டு. கோச்சின் இடத்துக்கு இண்டியானா மாநிலத்துப் பண்ணைப் பையனாக உடி ஹாரல்சன் வந்தார், பாத்திரத்தின் பெயரும் உடிதான்.

பின்னாளில் ஃபிரேஸியரின் மனைவியாகும் மனநல மருத்துவர் லிலித், நான்காம் சீசனில் ஒரே ஒரு காட்சிக்காகப் போல வந்து போகிறார். ஃபிரேஸியருடன் முதல் சந்திப்பே படுதோல்வி. ஐந்தாம் சீசனின் ‘அப்நார்மல் சைக்காலஜி’யில் தொலைக்காட்சி விவாதத்துக்காக டயான் அவருடைய தலைமுடியை அவிழ்த்து அலங்கரித்து அனுப்புகிறாள், இருவரும் மேசைக்கு மேலே மருத்துவக் கலைச்சொற்களில் வாதாட, மேசைக்குக் கீழே வேறொன்று நடந்துகொண்டிருக்கிறது. லிலித்தாக நடித்த பீபி நியூவர்த்தின் முகத்தில் ஒரு தசைகூட அசையாது என்பதே அவருடைய முழு நகைச்சுவை.

ஐந்தாம் சீசனின் ‘தேங்க்ஸ்கிவிங் ஆர்ஃபன்ஸ்’ பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். போக்கிடமில்லாத அனைவரும் பண்டிகை நாளில் மதுக்கூடத்தில் பரிமாறும் கார்லாவின் வீட்டில் கூடுகிறார்கள். நார்ம் கொண்டுவந்த பெரிய வான்கோழி வேகவே மாட்டேன் என்கிறது. காத்திருந்து, பசித்து, எரிச்சலடைந்து, முதலில் ஒரு பட்டாணியில் தொடங்கும் எறிதல் முழு உணவுப் போராக மாறுகிறது. இதன் உச்சத்தில், ஆண்டுக்கணக்கில் பேச்சில் மட்டுமே வந்துகொண்டிருந்த நார்மின் மனைவி வேரா கதவைத் திறந்து உள்ளே வருகிறார், அதே கணத்தில் சாமுக்குக் குறிவைத்து எறிந்த ‘பை’ என்னும் இனிப்புப் பண்டம் வேராவின் முகத்தை முழுவதுமாக மூடிவிடுகிறது. முகத்தைக் காட்டாமல் இருப்பதற்காக அவ்வளவு பெரிய ஏற்பாடு. அந்தப் பாத்திரத்தில் வந்தவர் நார்மாக நடித்த ஜார்ஜ் வெண்டின் நிஜ மனைவி பெர்னடெட் பர்கெட். கண்ணில் படாத மனைவி என்ற இந்த உத்தியை ‘ஃபிரேஸியர்’ பின்னர் நாயகனின் தம்பி நைல்ஸின் மனைவி மாரிஸைக் கொண்டு எவ்வளவு தூரம் இழுத்துச் செல்கிறது என்பதை ஒப்பிட்டுப் பார்க்க இது உதவும்.

1987இல் ‘ஐ டூ, அடியூ’ அத்தியாயத்தோடு டயானாக நடித்த ஷெல்லி லாங் விலகினார். அதைப் பார்த்தபின் ஓரிரு நாள் இடைவெளி விடுவது நல்லது, ஏனென்றால் அடுத்துத் தொடங்குவது வேறு தொடர் என்றே சொல்லலாம்.

மூன்றாம் படி: ரெபெக்காவின் ஆண்டுகளில் பொறுக்கிப் பார்த்தல்

ஆறாம் சீசனிலிருந்து கிர்ஸ்டி ஆலி நடித்த ரெபெக்கா ஹவ் வருகிறார். அவரைக் குறை சொல்வதற்கில்லை; முதலில் கண்டிப்பான மேலாளராக வந்து, நடிகையின் உண்மையான திறமை தெரிந்தபின், தோல்விமேல் தோல்வி கண்டு மேசையடியில் அழும் பாத்திரமாக மாறியது எழுத்தாளர்களின் நல்ல முடிவு. ஆயினும் கதைகள் பெரிதும் கூத்துக்குப் போய்விட்டன. இந்த ஆறு சீசன்களில் பாதியைப் பார்த்தாலே போதுமானது என்பேன். ஆறாம் சீசனின் தொடக்கம், எட்டாம் சீசனில் ஃபிரேஸியர், லிலித் தம்பதிக்கு மகன் பிறக்கும் அத்தியாயம், பத்தாம் சீசனில் உடியின் திருமணம் ஆகியவை தவிர்க்கக்கூடாதவை.

தபால்காரர் கிளிஃப் ஒரு வினாடி வினா நிகழ்ச்சியில் கலந்துகொள்ளும் ‘வாட் இஸ்... கிளிஃப் கிளாவின்?’ அத்தியாயமும் இதில் சேரும். எல்லாம் தெரிந்தவராகப் பேசும் அவருக்கு அன்று கேட்கப்படும் தலைப்புகள் எல்லாமே அவருக்காகவே செய்தவைபோல் அமைகின்றன. 22,000 டாலர் சேர்த்து, எவரும் எட்டமுடியாத முன்னிலையில் இருந்தும் கடைசிக் கேள்வியில் மொத்தத்தையும் பந்தயம் வைத்துத் தோற்கிறார். சும்மா இருந்திருந்தாலே வென்றிருப்பார். முதலில் நார்ம் பாத்திரத்துக்குத் தேர்வுக்கு வந்து, அது கிடைக்காதபோது ‘எல்லாம் தெரிந்தவர்’ ஒருவர் ஒவ்வொரு மதுக்கூடத்திலும் இருப்பாரே என்று தாமே யோசனை சொல்லி இந்தப் பாத்திரத்தைப் பெற்றவர் ஜான் ராட்சன்பெர்கர்.

இறுதி அத்தியாயத்தை அமெரிக்காவில் சுமார் 8 கோடிப் பேர் பார்த்ததாக மதிப்பிடப்பட்டது. எல்லோரும் போனபின் சாம் சுவரில் சாய்ந்திருக்கும் ஜெரோனிமோ படத்தைச் சென்று நேராக்குகிறார். காரணம் தெரியாதவர்களுக்கு அது வெறும் ஒழுங்குபடுத்தல்.

நான்காம் படி: இடையில் வருபவை

‘தி டார்ட்டெல்லிஸ்’ தொடரில் கார்லாவின் முன்னாள் கணவன் நிக் தன் புது மனைவி லொரெட்டாவுடன் லாஸ் வேகாஸுக்குக் குடிபோகிறான். 13 அத்தியாயங்களில் நின்றுபோனது. கிடைத்தால் ஒன்றைப் பாருங்கள், தோல்வியின் காரணம் உடனே விளங்கும். அழையாத விருந்தாளியாகக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து ஐந்து நிமிடம் எரிச்சலூட்டிவிட்டுப் போகும்போதுதான் நிக் வேடிக்கையானவன்; வீட்டுக்காரனாக அரைமணி நேரம் உட்காரவைத்தால் அவனிடம் சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஃபிரேஸியரை நாயகனாக்கியபோது அந்தத் தவறு நேராததற்கு, அவரை அவருக்கு நேர்மாறான ஒருவரோடு கட்டிப்போட்டதே காரணம்.

‘விங்ஸ்’ கிளைத் தொடர் அல்ல, ஆனால் அதே உலகில் நடப்பது. பின்னர் ‘ஃபிரேஸியர்’ தொடரை உருவாக்கிய டேவிட் ஏஞ்சல், பீட்டர் கேசி, டேவிட் லீ ஆகிய மூவரின் படைப்பு அது. ஃபிரேஸியரும் லிலித்தும் வந்துபோகும் ஒரு அத்தியாயத்தைப் பார்த்தால் போதும்.

ஐந்தாம் படி: ‘ஃபிரேஸியர்’

மணவிலக்குப் பெற்று, பிறந்த ஊரான சியாட்டிலுக்குத் திரும்பி, வானொலியில் மனநல ஆலோசனை வழங்கும் ஃபிரேஸியரின் வீட்டில், இடுப்பில் குண்டடிபட்ட முன்னாள் காவலரான தந்தை மார்ட்டின் குடியேறுகிறார். முதல் அத்தியாயத்தில் ஒரு பொருளைக் கூர்ந்து பாருங்கள். பாரிஸில் கோகோ ஷனெல் வைத்திருந்ததன் அச்சு அசலான நகல் என்று ஃபிரேஸியர் பெருமை பேசும் சோஃபா ஒருபுறம்; கிழிந்த இடங்களில் ஒட்டுநாடா சுற்றிய, பச்சையும் பழுப்புமாய்க் கோடுபோட்ட தந்தையின் சாய்நாற்காலி மறுபுறம். அது உள்ளே தூக்கி வரப்படும்போது ஃபிரேஸியரின் முகம் போகும் போக்கில் 11 ஆண்டுக் கதையும் அடங்கியிருக்கிறது. இத்தனைக்கும் இந்த வீட்டின் அரங்கு அமைக்கப்பட்டது, ‘சியர்ஸ்’ மதுக்கூடம் நின்ற அதே பாரமவுண்ட் படப்பிடிப்புத் தளத்தில்தான்.

‘சியர்ஸ்’ பார்த்துவிட்டு வருபவர்களுக்கு உடனே ஒரு முரண் உறுத்தும். அங்கே ஃபிரேஸியர் தன் தந்தை ஓர் அறிவியலாளர், இறந்துவிட்டார் என்று சொல்லியிருந்தார். இரண்டாம் சீசனில் சாம் விருந்தாளியாக வரும் அத்தியாயம் இதை மூடிமறைக்காமல் நேரடியாகக் கேட்டே விடுகிறது. தந்தையோடு சண்டை போட்டிருந்த கோபத்தில் சொன்ன பொய் என்று ஃபிரேஸியர் நெளிகிறார். எழுத்துப் பிழையைப் பாத்திரத்தின் குணமாக மாற்றிய கெட்டிக்காரத்தனம் இது. மார்ட்டினாக நடித்த ஜான் மஹோனியும், ஃபிரேஸியரின் வானொலி நிகழ்ச்சித் தயாரிப்பாளர் ராஸாக நடித்த பெரி கில்பினும் ‘சியர்ஸ்’ கடைசிச் சீசனில் வேறு சிறு பாத்திரங்களில் வந்திருக்கிறார்கள். அவற்றைக் கண்டுபிடிப்பது மறுமுறை பார்ப்பவர்களுக்கான தனி விளையாட்டு.

முதல் ஏழு சீசன்களை வரிசையாகப் பாருங்கள். ‘தி இன்கீப்பர்ஸ்’, ‘மூன் டான்ஸ்’, ‘ஹாம் ரேடியோ’, ‘தி ஸ்கீ லாட்ஜ்’ ஆகிய நான்கும் கதவுகளும் தவறான புரிதல்களும் கடிகாரம்போல் இயங்கும் கதைகள். ஆறாம் சீசனின் ‘த்ரீ வாலண்டைன்ஸ்’ முதல் பகுதியில் நைல்ஸ் தனியாக ஒரு விருந்துக்கு ஆயத்தமாகிறார். கால்சட்டையில் ஒரு நூல் தொங்குவதைக் கவனித்து அதை வெட்டப் போக, விரலில் கீறல், இரத்தத்தைக் கண்டு மயக்கம், இஸ்திரிப் பெட்டி, தீ என்று அடுக்கிக்கொண்டே போகும் அந்த நிமிடங்களில் நைல்ஸாக நடித்த டேவிட் ஹைட் பியர்ஸ் ஏறத்தாழ ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. கூட இருப்பது எடி என்னும் நாய் மட்டுமே.

மார்ட்டினைக் கவனித்துக்கொள்ள வந்த டாஃப்னிமீது நைல்ஸ் கொண்ட காதலை வெளியிட ஏழு சீசன்கள் காத்திருப்பதை, சாமும் டயானும் ஒரே சீசனில் சேர்ந்துவிட்டதோடு ஒப்பிடலாம். சேர்ந்தபின் என்ன எழுதுவது என்ற இடர்ப்பாடு இரண்டு தொடர்களுக்கும் வந்தது. எட்டிலிருந்து பத்து வரையிலான சீசன்கள் அதனால்தான் தொய்கின்றன. அவற்றில் ஒன்பதாம் சீசனின் ‘சியர்ஃபுல் குட்பைஸ்’ மட்டும் அவசியம்; ஃபிரேஸியர் பாஸ்டனுக்குப் போய்ப் பழைய நண்பர்களைச் சந்திக்கிறார். டயான் மூன்றாம் சீசனிலும் உடி ஆறாம் சீசனிலும் வருகிறார்கள். டயான் தன் மதுக்கூட வாழ்வையே நாடகமாக மேடையேற்ற, அந்த ஒத்திகையில் ஃபிரேஸியர் வெடிக்கும் இடம், பத்தாண்டுகளுக்கு மேல் முன்பு அவரை மணமேடையில் அவள் கைவிட்ட கணக்கைத் தீர்க்கிறது. பதினோராம் சீசனில் தொடர் மீண்டும் நிமிர்கிறது.

ஆறாம் படி: 2023இன் தொடர்

பத்துப் பத்தாக இரண்டு சீசன்கள். இப்போது ஃபிரேஸியர் பாஸ்டனில், ஹார்வர்டில் பாடம் நடத்துகிறார். படிப்பை உதறித் தீயணைப்பு வீரரான மகன் ஃபிரெடியோடு வாழ முயல்கிறார். முன்பு மகனாக இருந்த இடத்தில் இப்போது தந்தை. 2018இல் மறைந்த ஜான் மஹோனியின் நினைவாகக் கதையில் வரும் மதுக்கூடத்துக்கு அவர் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். நைல்ஸ் இல்லாத குறையை எதுவும் ஈடுசெய்யவில்லை. ஜேம்ஸ் பரோஸ் இயக்கிய முதல் இரண்டு அத்தியாயங்களையும், லிலித்தும் ராஸும் வரும் அத்தியாயங்களையும் பார்த்துவிட்டு, பிடித்தால் மேலே தொடருங்கள்.

நேரக் கணக்கு

ஒரே மூச்சில் ஐந்தாறு அத்தியாயங்கள் பார்ப்பது இந்தத் தொடர்களுக்கு ஒவ்வாது. நார்ம் உள்ளே நுழைகையில் எல்லோரும் ஒரே குரலில் பெயர் சொல்லிக் கத்துவதும், டயான் மட்டும் ஒரு நொடி தாமதித்து ‘நார்மன்’ என்று முழுப்பெயரில் முகமன் கூறுவதும், நலம் விசாரிப்புக்கு அவர் ஒற்றை வரியில் பதில் தருவதும் வாரம் ஒருமுறை கேட்பதற்காக எழுதப்பட்டவை. நாளொன்றுக்கு இரண்டு போதும்.

அவ்வளவு நேரமில்லை என்பவர்கள் ‘சியர்ஸ்’ முதல் சீசனை முழுவதும் பார்த்துவிட்டு, ‘ரீபவுண்ட்’, ‘அப்நார்மல் சைக்காலஜி’, ‘தேங்க்ஸ்கிவிங் ஆர்ஃபன்ஸ்’, ‘ஐ டூ, அடியூ’, கிளிஃபின் வினாடி வினா, இறுதி அத்தியாயம் ஆகியவற்றுக்குப் பின் ‘ஃபிரேஸியர்’ தொடரின் முதல் அத்தியாயம், மேலே பெயர் சொன்னவை, சாமும் டயானும் வருபவை, ஏழாம் சீசனின் முடிவு, கடைசி அத்தியாயம் என்று போகலாம். நாளுக்கு இரண்டு வீதம் ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம். ‘ஃபிரேஸியர்’ தனியாகவும் இனிக்கும் என்றாலும், சாம் அந்த வீட்டுக் கதவைத் தட்டும் நேரத்தில் அவரை உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும்.